பெரிய கோயிலைச் சுற்றி வெள்ளைக்கோடு எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் தஞ்சைப் பெரிய கோயில் படத்தை முழுப் பக்கத்துக்குப் போட்டிருந்தீர்கள். பார்த்த பலருக்கும் பிடித்திருக்கும். எனக்கு மனசு ஒப்பவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். அந்தப் பக்கத்தை எடுத்துக் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். விமானத்தின் இரண்டு ஓரத்திலும், அடித்தளத்திலிருந்து உச்சிக் கல் வரைக்கும், வெள்ளையாக ஒரு பட்டை கூடவே ஓடுகிறது. அந்தப் பட்டையைத் தாண்டினால் வானம் சட்டென்று கருநீலத்துக்குப் போய்விடுகிறது. கல் முழுக்க ஆரஞ்சு. புல்வெளி கண்ணைக் கூசும் பச்சை. மேகம் ஒவ்வொன்றுக்கும் அடியில் சாம்பல் அப்பி, இப்போதே கொட்டப் போகிறது என்று பயமுறுத்துகிறது. நந்தி மண்டபத்தின் உள்கூரை வரைக்கும் ஒரு மூலை பாக்கியில்லாமல் வெளிச்சம்.

இதையெல்லாம் ரசனை என்று விட்டுவிடலாம். விட முடியாதது ஒன்று இருக்கிறது. படம் கிழக்கு வாசல் பக்கம் நின்று சாயங்காலம் எடுத்தது. பெரிய கோயில் கிழக்கு பார்த்த கோயில், சாயங்காலச் சூரியன் விமானத்துக்குப் பின்னால்தான் இறங்கும், அப்படியானால் நம்மைப் பார்த்திருக்கிற முகப்பு நிழலில் இருந்தாக வேண்டும். உங்கள் படத்திலோ பின்னால் சூரியன் சிவந்து நிற்கிறது, முன்னால் ஒவ்வொரு தளத்திலும் உள்ள சிற்பம் காலை ஒன்பது மணி வெயில் நேராக முகத்தில் அடித்தால் எப்படித் தெரியுமோ அப்படித் தெரிகிறது. ஒரே நேரத்தில் கிழக்கிலும் மேற்கிலும் சூரியன் இருந்தால்தான் அப்படி ஒரு காட்சி கிடைக்கும்.

எச்.டி.ஆர். என்கிற முறையை, அதாவது ஒரே காட்சியைப் பல வெளிச்ச அளவில் எடுத்து ஒன்றாகச் சேர்க்கும் முறையை, அளவு மீறிப் போட்டதால் வந்த வினை இது. நான் கும்பகோணத்தில் ஸ்டூடியோ வைத்திருப்பவன். கல்யாணம், காதுகுத்து போக, கோயில்களைப் படம் எடுப்பதும் என் வேலை. எச்.டி.ஆரை நானும் போடுகிறேன். அது இல்லாமல் சில இடங்களில் படமே எடுக்க முடியாது. அதனால் அதை ஒழிக்கச் சொல்லவில்லை. கண் பார்த்ததை காகிதத்துக்குக் கொண்டுவர அதைப் பயன்படுத்துவது ஒரு வேலை, கண் பார்க்காத ஒன்றைச் செய்து வைப்பது வேறு வேலை, இரண்டாவதை முதலாவது என்று சொல்லி வாசகரிடம் கொடுக்கக் கூடாது என்பதுதான் நான் சொல்ல வந்தது.

வெளிச்சக் கணக்கைக் கொஞ்சம் சொல்கிறேன், இது தெரிந்தால் மீதி தானாகப் புரியும். உச்சிவெயிலில் ஒரு கோயில் வெளிப்பிரகாரத்தில் விழும் வெளிச்சம் சுமார் 1 லட்சம் லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு). உள்ளே போனால், விளக்கு மட்டும் எரிகிற மண்டபத்தில் 10 லக்ஸ் இருந்தாலே பெரிது. பத்தாயிரம் மடங்கு வித்தியாசம். எங்கள் பாஷையில் வெளிச்சம் இரட்டிப்பானால் ஒரு ஸ்டாப், அந்தக் கணக்கில் இது 13 ஸ்டாப்புக்கு மேல். நம் கண் இதைச் சமாளித்துவிடும், ஏனென்றால் கண் ஒரே பார்வையில் எல்லாவற்றையும் பார்ப்பதில்லை. வாசலைப் பார்க்கும்போது பாவை சுருங்குகிறது, தூண் மறைவைப் பார்க்கும்போது விரிகிறது, இரண்டையும் மூளை சேர்த்து வைத்துக்கொள்கிறது. கேமராவுக்கு ஒரு படத்துக்கு ஒரே ஒரு எக்ஸ்போஷர்தான், அதாவது உள்ளே விடும் வெளிச்ச அளவு ஒன்றுதான். இன்றைய நல்ல கேமராவின் சென்சார் 14 ஸ்டாப் வரைக்கும் பிடிக்கும் என்றாலும், இருட்டின் கடைசி ஸ்டாப்புகளில் படத்தை விட, காட்சியில் இல்லாத பொரிப்பொரியான புள்ளிதான் அதிகம் இருக்கும். ரா ஃபைலில், அதாவது சென்சார் பிடித்ததைப் பதப்படுத்தாமல் வைக்கும் மூலக் கோப்பில், 14 பிட்டுக்கு 16,384 வெளிச்சப் படிகள் இருக்கின்றன. அதையே சாதாரணப் படக் கோப்பான ஜேபெக் ஆக்கினால் ஒவ்வொரு நிறத்துக்கும் மிஞ்சுவது 256 படி. அங்கிருந்து உங்கள் செய்தித்தாளுக்கு வந்தால் நிலைமை இன்னும் மோசம், அதைப் பிறகு சொல்கிறேன்.

எனவே என்ன செய்வோம்? கேமராவை முக்காலியில் நிறுத்தி, அசையாமல், ஒரே காட்சியை மூன்று அல்லது ஐந்து எக்ஸ்போஷரில் எடுப்போம். ஒன்று வானத்துக்காக இரண்டு ஸ்டாப் குறைவாக, ஒன்று நடுத்தரமாக, ஒன்று நிழலுக்காக இரண்டு ஸ்டாப் கூடுதலாக. கம்ப்யூட்டரில் மூன்றையும் சேர்த்தால் காட்சியில் இருந்த முழு வெளிச்ச அளவும் ஒரே ஃபைலில் வந்துவிடும். இதுவரைக்கும் யாரும் பொய் சொல்லவில்லை. சொல்லப்போனால் ஒரு எக்ஸ்போஷரில் எடுத்த படத்தைவிட இந்த ஃபைல்தான் உண்மைக்குக் கிட்டத்தில் இருக்கிறது. சிக்கல் அடுத்த கட்டத்தில்தான். அந்தப் பெரிய அளவை சாதாரணத் திரைக்கும் காகிதத்துக்கும் அடக்க வேண்டும், அதற்கு டோன் மேப்பிங் என்று பெயர். படம் முழுவதற்கும் ஒரே கணக்கு வைத்து அடக்கலாம். அப்படிச் செய்தால் படம் சற்று சப்பென்று இருக்கும், ஆனால் எது இருட்டு எது வெளிச்சம் என்ற வரிசை மாறாது. இன்னொரு வழி, படத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் அதன் அக்கம்பக்கத்தைப் பார்த்துத் தனித்தனிக் கணக்கு வைப்பது. இதில்தான் எல்லா மூலையிலும் நுணுக்கம் துள்ளும். இதே வழியில்தான் கறுத்த கோபுரமும் வெளுத்த வானமும் சந்திக்கிற ஓரத்தில் மென்பொருள் தடுமாறி, கோபுரத்தைத் தூக்குகிறேன் என்று பக்கத்து வானத்தையும் சேர்த்துத் தூக்கிவிடும். நீங்கள் பார்த்த வெள்ளைப்பட்டை அதுதான். ஹாலோ என்போம். ஸ்லைடரைக் கொஞ்சம் பின்னால் இழுத்தால் போய்விடும். இழுக்க மனசு வருவதில்லை, அவ்வளவுதான்.

படத்தில் தலையிடுவதே தப்பு என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 1850-களில் பிரான்சில் குஸ்தாவ் லெ கிரே என்பவர் கடலைப் படம் எடுத்தபோது அவருக்கும் இதே தொல்லைதான் இருந்தது. அந்தக் காலத்துக் கண்ணாடித் தகடு நீலத்துக்கு மட்டும் ரொம்பக் கூர்மை, அலைக்கு எக்ஸ்போஷர் வைத்தால் வானம் வெறும் வெள்ளையாகிவிடும். அவர் வானத்துக்கு ஒரு நெகட்டிவ், கடலுக்கு ஒரு நெகட்டிவ் எடுத்து, தொடுவானத்தில் ஒட்டி அச்சிட்டார். அமெரிக்கப் புகைப்படக்காரர்கள் அன்செல் ஆடம்ஸ், ஃபிரெட் ஆர்ச்சர் இருவரும் 1940 வாக்கில் ஸோன் சிஸ்டம் கொண்டு வந்தார்கள். முழுக் கருப்பு ஸோன் 0, முழு வெள்ளை ஸோன் 10, காட்சியில் எந்தப் பொருள் எந்த ஸோனில் விழ வேண்டும் என்று ஷட்டரை அழுத்தும் முன்பே முடிவு செய்வது. எங்கள் ஊர் டார்க் ரூம்களிலும் பிரிண்ட் போடும்போது கையை நீட்டி மறைத்தும், அட்டையில் ஓட்டை போட்டு ஒரு இடத்தை மட்டும் கூடுதலாகக் காட்டியும் வேலை செய்தவர்கள்தான் நல்ல பிரிண்டர் என்று பேர் வாங்கினார்கள். நெகட்டிவ் மேல் பென்சிலால் டச்சிங் செய்தவர்களை என் வயதுக்காரர்களுக்குத் தெரியும். ஆனால் ஸோன் சிஸ்டத்தில் ஸோன் 0 என்று ஒன்று இருக்கிறது பாருங்கள், அதை யாரும் எடுத்துவிடச் சொல்லவில்லை. படத்தில் ஒரு இடமாவது முழுக் கருப்பாக இருந்தால்தான் மற்றதெல்லாம் அதன் அதன் இடத்தில் நிற்கும்.

டிஜிட்டலில் இந்தச் சேர்க்கும் வேலையை ஆரம்பித்தவர்களும் அலங்காரத்துக்காக ஆரம்பிக்கவில்லை. 1995-இல் ஸ்டீவ் மான், ரோசலிண்ட் பிகார்டு என்ற இருவரும், 1997-இல் பெர்க்லியில் பால் டெபவெக், ஜிதேந்திர மாலிக் இருவரும் எழுதிய ஆய்வுக் கட்டுரைகள்தான் இதற்கு அடித்தளம். பல எக்ஸ்போஷர்களை வைத்து காட்சியில் உண்மையில் எவ்வளவு வெளிச்சம் இருந்தது என்று அளந்து எடுப்பதுதான் அவர்கள் நோக்கம். சினிமாவில் கம்ப்யூட்டரில் செய்த பொருளை நிஜக் காட்சிக்குள் வைக்கும்போது வெளிச்சம் பொருந்த வேண்டும், அதற்கு அந்த அளவு தேவைப்பட்டது. ஒளியை அளக்க வந்த கருவி அது. 2000-க்குப் பிறகு டோன் மேப்பிங் மென்பொருள்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வந்தன, ஃபோட்டோஷாப்பில் 2005-இல் சேர்ந்தது, 2010-இல் ஐபோனில் ஒரு பொத்தானாக வந்தது, 2013 வாக்கில் கூகுள் போன்கள் நாம் ஒரு தடவை தொட்டாலே வரிசையாகப் பல படம் எடுத்துச் சேர்த்துக் கொடுக்க ஆரம்பித்தன. இன்றைக்கு போனில் எடுக்கும் எல்லாப் படமும் ஏறத்தாழ எச்.டி.ஆர்.தான், நாம் கேட்டாலும் கேட்காவிட்டாலும்.

சரி, அளவாகச் செய்வது எப்படி என்று ஒரு இடத்தை வைத்துச் சொல்கிறேன். மதுரை திருமலை நாயக்கர் மகால். 1636-இல் கட்டியது, உள்ளே நுழைந்தால் நடுவில் திறந்த முற்றம், நாலு பக்கமும் ஆள் கட்டிப்பிடிக்க முடியாத பருமனில் தூண்கள், மேலே சுதை வேலைப்பாடு செய்த வளைவுகள். பகல் பதினொரு மணிக்குத் தூண்களுக்குப் பின்னால் நின்று முற்றத்தைப் பார்த்து ஒரே எக்ஸ்போஷரில் எடுத்தால் ஒன்று முற்றம் வெளுத்துப்போகும், இல்லை வளைவு கருத்துப்போகும். எனவே நாலைந்து எக்ஸ்போஷர் எடுக்கத்தான் வேண்டும். சேர்த்த பிறகு நான் பார்ப்பது ஒன்றைத்தான். முற்றத்தின் தரை படத்தில் இருப்பதிலேயே வெளிச்சமான இடமாக இருக்கிறதா? தூணின் வெளிப்பக்கம் அதைவிடக் குறைவாக, உட்பக்கம் அதைவிடக் குறைவாக, கூரையின் மூலை இன்னும் குறைவாக என்று படிப்படியாக இறங்குகிறதா? வளைவில் உள்ள சுதை உருவம் தெரிய வேண்டும், ஆனால் நிழலில் இருக்கிற பொருளாகத் தெரிய வேண்டும். முற்றத்து வெயில் தரையில் பட்டுத் திரும்பி அந்த வளைவுக்கு அடியிலிருந்து ஒரு மெல்லிய மஞ்சள் ஏறும், அங்கே போனவர்களுக்குத் தெரியும், மகாலின் அழகே அதில்தான் இருக்கிறது. கூரையை முற்றத்துக்குச் சமமாகத் தூக்கிவிட்டால் அந்த மஞ்சள் செத்துவிடும். எல்லாப் பக்கமும் வெளிச்சம் என்றால் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்பதே தெரியாமல் போய்விடுகிறது.

எல்லாக் கறியிலும் ஒரே மசாலாவை அள்ளிப் போட்டால் கத்தரிக்காய்க்கும் வாழைக்காய்க்கும் வித்தியாசம் தெரியாது. இப்போது வரும் படங்களில் தஞ்சாவூரும் தாராசுரமும் கங்கைகொண்ட சோழபுரமும் ஒரே நிறத்தில் இருக்கின்றன. மூன்றும் சோழர் கோயில்கள்தான், யுனெஸ்கோ பட்டியலில் 1987-இல் பெரிய கோயிலும் 2004-இல் மற்ற இரண்டும் சேர்ந்தன, ஆனால் மூன்று இடத்திலும் சூழலும் வெளிச்சம் விழும் விதமும் வேறு. கங்கைகொண்ட சோழபுரத்து விமானம் உள்வாங்கி வளைந்து மேலே போகும், அந்த வளைவைக் காட்டுவது அதன் மேல் வழியும் நிழல் மட்டும்தான். நிழலைத் துடைத்துவிட்டால் வளைவு தட்டையாகிவிடும். சிற்பியின் வேலையைத்தான் துடைத்துவிடுகிறோம்.

நிழல் என்றதும் இன்னொன்று. பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று ஒரு கதை ஊரெல்லாம் சுற்றுகிறது, பள்ளிப் பிள்ளைகள் வரைக்கும் நம்புகிறார்கள். நிழல் நன்றாகவே விழும். சாயங்காலம் போய் நின்றால் விமானத்தின் நிழல் கிழக்கே நீண்டு படுத்திருப்பதை யாரும் பார்க்கலாம். உங்கள் படத்தில் அந்த நிழல் விழுந்திருக்க வேண்டிய தரையை எவ்வளவு தூக்கியிருக்கிறார்கள் என்றால், நிழலின் ஓரம் எங்கே என்று பூதக்கண்ணாடி வைத்துத்தான் தேட வேண்டும். இதை வெட்டி எடுத்து, பார்த்தாயா நிழலே இல்லை, நாளிதழிலேயே வந்திருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் அனுப்ப எத்தனை நேரம் ஆகும்? ராஜராஜன் 1010-இல் முடித்த கோயிலின் பெருமைக்கு இந்த மாதிரி கதை எதுவும் தேவையில்லை.

கோயில் படம் வெறும் அலங்காரம் என்று நினைப்பவர்களுக்கு ஸ்ரீபுரந்தான் நடராசரை ஞாபகப்படுத்துகிறேன். அரியலூர் மாவட்டத்துச் சிலை, திருடுபோய், 2008-இல் ஆஸ்திரேலியாவின் தேசிய கலைக்கூடம் பெரும் தொகை கொடுத்து வாங்கி, கடைசியில் 2014 செப்டம்பரில் நம் நாட்டுக்குத் திரும்பி வந்தது. அந்தச் சிலை இந்தக் கோயிலில் இருந்ததுதான் என்று காட்ட உதவியவற்றில் ஒன்று புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் இருந்த பழைய புகைப்படம். அந்த நிறுவனம் 1950-களிலிருந்து நம் கோயில்களையும் சிலைகளையும் படம் எடுத்துச் சேர்த்து வைத்திருக்கிறது. பெரும்பாலும் கருப்பு வெள்ளை, எந்த ஆடம்பரமும் இல்லாத படங்கள். சிலையின் மேல் உள்ள வடு, தேய்மானம், திருவாசியில் ஒரு சின்ன உடைவு, இப்படிப்பட்டவற்றை வைத்துத்தான் ஒரு சிலையை இன்னதென்று ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். லோக்கல் கான்ட்ராஸ்ட்டை, அதாவது அக்கம்பக்கத்து இருட்டு வெளிச்ச வித்தியாசத்தை, உச்சத்துக்கு ஏற்றினால் இல்லாத வடு இருப்பதாகத் தெரியும், எண்ணெய்க் கறை பள்ளமாகத் தெரியும். இன்றைக்கு நீங்கள் போடும் படம் நாற்பது வருஷம் கழித்து ஒரு கோயிலுக்கு மிஞ்சியிருக்கும் ஒரே சாட்சியாக இருக்கலாம். குடமுழுக்குக்குக் குடமுழுக்கு கோபுரத்துக்குப் புது வண்ணம் பூசுகிற ஊர் இது. பழைய வண்ணம் என்னவாக இருந்தது என்று கேட்டால் படத்தைத்தான் எடுத்துக் காட்ட முடியும், அந்தப் படத்தில் சுதைச் சிற்பத்தின் சேலை மென்பொருள் போட்ட ரோஜா நிறத்தில் இருந்தால் என்ன பிரயோசனம்?

மனிதர்களின் முகத்துக்கு வருகிறேன், இதில்தான் எனக்குக் கோபம் அதிகம். நாற்று நடும் பெண்கள், உப்பளத் தொழிலாளர்கள், சந்தையில் உட்கார்ந்திருக்கும் பாட்டி, இவர்கள் படத்துக்கெல்லாம் இப்போது ஒரு பதம் வைத்திருக்கிறார்கள். முகத்தில் உள்ள ஒவ்வொரு சுருக்கத்தையும் கத்தியால் கீறிய ஆழத்துக்குக் காட்டுவது, கறுத்த தோலில் சாம்பல் பூசிய மாதிரி ஒரு வெளிறல், கண் மட்டும் பளபளவென்று. அந்தப் பாட்டியிடம் படத்தைக் காட்டினால் இது நானா என்று கேட்பார். வறுமையை அழுத்திக் காட்டுகிறோம் என்று நினைத்து அந்த மனுஷியை அவமதிக்கிறோம். இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. 2009-இல் டென்மார்க்கில் பத்திரிகைப் புகைப்படப் போட்டி ஒன்றில் ஹெய்ட்டியில் எடுத்த படங்களை நடுவர்கள் சந்தேகப்பட்டு, மூல ரா ஃபைலைக் கேட்டு வாங்கிப் பார்த்து, நிறமும் கான்ட்ராஸ்ட்டும் அளவு மீறிப் போயிருக்கிறது என்று போட்டியிலிருந்தே எடுத்துவிட்டார்கள். படத்தில் எதையும் சேர்க்கவில்லை, எதையும் அழிக்கவில்லை, ஸ்லைடர் மட்டும்தான். அதுவே போதும் என்று அவர்கள் முடிவு செய்தார்கள், எனக்கும் அது சரியென்றே படுகிறது. உலகப் பத்திரிகைப் புகைப்படப் போட்டியில் 2015-இல் கடைசிக்கு முந்தின சுற்று வரை வந்த படங்களில் ஐந்தில் ஒரு பங்கு மூல ஃபைலோடு ஒப்பிட்டதில் தள்ளுபடியானது. அதே ஆண்டு நவம்பரில் ராய்ட்டர்ஸ் நிறுவனம், ராவிலிருந்து பதப்படுத்திய படம் வேண்டாம், கேமராவிலேயே பதிவான ஜேபெக் கொடுங்கள் என்று தன் வெளிப் புகைப்படக்காரர்களுக்குச் சொல்லிவிட்டது. அது கொஞ்சம் கடுமைதான், எக்ஸ்போஷரைச் சரிப்படுத்த ரா இல்லாமல் முடியாத சமயம் உண்டு. ஆனால் எதற்காக அவ்வளவு தூரம் போனார்கள் என்பது புரிகிறது.

கல்யாண வீட்டிலும் இதைப் பார்க்கிறேன். போனில் எடுத்த படத்தில் மாப்பிள்ளை பெண் இரண்டு பேரும் ஒரு படி வெளுத்திருப்பார்கள். நிழலைத் தூக்குவதற்கு என்று எழுதிய கணக்குக்குக் கறுத்த முகமும் நிழலும் ஒன்றாகத் தெரிந்தால் அதையும் சேர்த்துத்தான் தூக்கும். இந்தக் குறையைச் சரிசெய்யவே கூகுள் 2021-இல் பிக்ஸல் 6 போனில் ரியல் டோன் என்று ஒன்றைக் கொண்டு வந்தது. அதாவது இத்தனை வருஷம் கேமராக்கள் கறுத்த தோலைச் சரியாகக் காட்டவில்லை என்பதைத் தயாரிப்பவர்களே ஒத்துக்கொண்டார்கள். நம் ஜனங்களின் நிறம் மண்ணிறம், மாநிறம், நல்ல கறுப்பு என்று எத்தனையோ வகை. அதை உள்ளபடி அச்சில் காட்டும் பொறுப்பு தமிழ் நாளிதழுக்கு இல்லாமல் வேறு யாருக்கு?

மழைக்காலச் செய்திப் படங்களும் அப்படியே. மெரினாவுக்கு மேல் ஒரு சாதாரண மேகமூட்டத்தை எடுத்து எச்.டி.ஆர். போட்டால் அது புயலாகிவிடும், மேகத்தின் உள்ளே இருக்கிற சின்னச் சின்ன மேடுபள்ளத்தையெல்லாம் மென்பொருள் பெருக்கிக் காட்டும். நவம்பர் மாதம், வானிலை எச்சரிக்கை வந்திருக்கிற நாள், ஜனங்கள் ஏற்கெனவே பயந்திருக்கிறார்கள், அந்த நேரத்தில் முதல் பக்கத்தில் அப்படி ஒரு படம் என்றால் அது செய்தியையே மாற்றிவிடுகிறது. இதற்கு நேர்மாறாகவும் நடந்திருக்கிறது. 2020 செப்டம்பர் 9 அன்று காட்டுத்தீப் புகையால் அமெரிக்காவின் சான் ஃபிரான்சிஸ்கோவில் பட்டப்பகலில் வானம் முழுக்க ஆரஞ்சாகிவிட்டது. ஜனங்கள் போனை எடுத்துப் படம் பிடித்தால் சாம்பல் நிறத்தில் வருகிறது, ஏனென்றால் வானம் இப்படி ஆரஞ்சாக இருக்காது என்று போனே முடிவு செய்து நிறத்தைத் திருத்திவிட்டது. அங்கே தப்பு செய்தது எச்.டி.ஆர். இல்லை, வெள்ளையை வெள்ளையாகக் காட்ட நிறத்தைத் திருத்தும் வெள்ளைச் சமன் கணக்கு, ஆனால் பாடம் ஒன்றுதான். தானாகத் திருத்தும் கேமரா ஒரு நாளைக்கு ஊதிக் காட்டும், ஒரு நாளைக்கு அமுக்கிக் காட்டும், நேரில் பார்த்தவர் சரிபார்த்தால்தான் அது செய்திப் படம்.

அச்சு விஷயத்தைச் சொல்வதாகச் சொன்னேன். செய்தித்தாள் காகிதம் தானே வெள்ளை இல்லை, லேசான சாம்பல். அதில் அடிக்கும் கருப்பும் முழுக் கருப்பு இல்லை. இரண்டுக்கும் நடுவே 10 மடங்கு வித்தியாசம் வந்தால் அதிகம், ஸ்டாப் கணக்கில் 3 ஸ்டாப்பைக் கொஞ்சம் தாண்டும். அப்புறம், அச்சில் படம் சின்னச் சின்ன மைப் புள்ளிகளாகத்தான் விழுகிறது, அந்தக் காகிதம் மையை உறிஞ்சும்போது ஒவ்வொரு புள்ளியும் பெருக்கும். நாளிதழ் அச்சுக்கான சர்வதேச அளவிலேயே 50 சதவீதப் புள்ளி 26 சதவீதம் பெருத்து 76-ஆக விழும் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள், அதற்குத் தக்கபடி முன்னாலேயே குறைத்துத்தான் பிளேட் எடுப்பார்கள், உங்கள் அச்சகத்தில் இருப்பவர்களுக்கு இது என்னைவிட நன்றாகத் தெரியும். எச்.டி.ஆரை அளவு மீறிப் போட்ட படத்தில் கருப்பும் இல்லை வெள்ளையும் இல்லை, எல்லாம் நடுச் சாம்பலில் வந்து குவிந்திருக்கும். புள்ளி பெருக்கத்தில் முதலில் அடிபடுவது அந்த நடுப்பகுதிதான். கம்ப்யூட்டர் திரையில் ஜொலித்த படம் காகிதத்தில் சேறாக வருவதற்குக் காரணம் அதுதான். உங்கள் பழைய இதழ்களை எடுத்துப் பாருங்கள், ஃபிலிமில் எடுத்த கருப்பு வெள்ளைப் படங்கள் இதே காகிதத்தில் எவ்வளவு தெளிவாக நிற்கின்றன. நல்ல கருப்பு ஒன்று, நல்ல வெள்ளை ஒன்று, நடுவில் நாலு படி, அவ்வளவு வைத்துக்கொண்டே மனிதரைப் பேச வைத்தார்கள்.

வாசகர்களுக்குப் பளிச்சென்று இருந்தால்தான் பிடிக்கிறது என்று உங்கள் பக்க வடிவமைப்பாளர் சொல்லலாம். புகைப்படப் போட்டிகளில் எந்தப் படத்துக்கு விருப்பம் குவிகிறது என்றும் காட்டலாம். காலண்டருக்கோ, சினிமா விளம்பரத்துக்கோ, வீட்டுச் சுவருக்கோ ஒருவர் அப்படிப் படம் செய்து வைத்தால் நான் குறுக்கே நிற்கப் போவதில்லை, அது அவர் கற்பனை, அதில் திறமையும் உண்டு. ஆனால் உங்கள் சுற்றுலாப் பக்கத்தைப் பார்த்துத்தான் ஒருவர் பஸ் ஏறித் தஞ்சாவூர் போகிறார். போய் நின்றால் எதிரில் சாம்பலும் பழுப்பும் கலந்த கல். சாயங்காலம் கடைசி கால் மணி நேரம் மேற்குப் பக்கம் போய் நின்றால் அந்தக் கல் தேன் நிறத்துக்கு மாறும், அதைப் பார்க்கத்தான் அங்கே உட்கார வேண்டும். ஆரஞ்சுப் படத்தை மனதில் வைத்துப் போனவருக்கு அந்த மாற்றம் கண்ணில் படாது, ஏமாந்த முகத்தோடு செல்ஃபி எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அப்படிக் கிளம்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன், வருத்தமாக இருக்கும்.

அந்தப் படத்தை எடுத்தவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நின்ற இடம் நல்ல தேர்வு, நந்தி மண்டபத் தூண்களுக்கு நடுவே விமானத்தை உட்கார வைத்திருக்கிற விதத்தில் நல்ல கண் தெரிகிறது. அவர் எடுத்த மூல ஃபைல் அவரிடம் இருக்கும், அதில் விமானம் கருத்த உருவமாக, பின்னால் சிவந்த வானத்தோடு இருக்கும் என்று என்னால் சொல்ல முடியும். அதையே லேசாக, சிற்ப வரிசை மட்டும் மங்கலாகத் தெரிகிற அளவுக்குத் தூக்கியிருந்தால் வெட்டிச் சட்டம் போட்டு மாட்டுகிற படம்.

எனவே என் வேண்டுகோள் இவ்வளவுதான். செய்தி, சுற்றுலா, தொல்லியல் பக்கங்களுக்கு வெளியிலிருந்து படம் வாங்கும்போது பதப்படுத்திய படத்தோடு மூல ஃபைலையும் கேளுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒரு நிமிஷம் பார்த்தால் உங்கள் படப்பிரிவில் இருப்பவர்களுக்கே தெரிந்துவிடும், சூரியன் எந்தப் பக்கம், நிழல் எந்தப் பக்கம், ஓரத்தில் வெள்ளைக்கோடு இருக்கிறதா, மேகம் நேற்றுப் பார்த்த மேகம்தானா என்று. பல எக்ஸ்போஷர் சேர்த்த படம் என்றால் படக்குறிப்பில் அதை ஒரு வரியில் சொல்லுங்கள், எடுத்த நேரத்தையும் போடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கற்பனையாகச் செய்த படம் என்றால் அதையும் சொல்லிப் போடுங்கள். வாசகர்கள் போனில் எடுத்து அனுப்பும் மழை, வெள்ளப் படங்களில் மட்டும் எடுத்தவரிடம் போன் செய்து, ஃபில்டர் ஏதாவது போட்டாரா என்று கேட்ட பிறகு பக்கத்தில் ஏற்றுங்கள்.

அப்புறம் நீங்கள் அறிவித்திருக்கும் கோயில் புகைப்படப் போட்டி. அதில் இப்போதைக்கு ஒரே பிரிவுதான் இருக்கிறது. உள்ளதை உள்ளபடி எடுத்த படத்துக்கு ஒரு பிரிவு, மென்பொருளில் செய்த படத்துக்கு ஒரு பிரிவு என்று இரண்டாகப் பிரித்து, முதல் பிரிவுக்கு ரா ஃபைல் அல்லது போனிலிருந்து வந்த மூலப் படம் கட்டாயம் என்று விதியில் சேர்த்துவிடுங்கள். நடுவர் குழுவில் பழைய டார்க் ரூம் ஆள் ஒருவரையும், கல்வெட்டோ சிற்பமோ படித்தவர் ஒருவரையும் உட்கார வையுங்கள். கடைசித் தேதிக்கு இன்னும் நாள் இருப்பதால் விதியை மாற்றி அடுத்த ஞாயிறு இணைப்பிலேயே அறிவிக்கலாம், படம் அனுப்பக் காத்திருக்கும் பிள்ளைகளுக்கும் மறுபடி ஒரு தடவை கோயிலுக்குப் போய் வர நேரம் கிடைக்கும்.

இப்படிக்கு,
ஸ்டூடியோ நடத்தும் ஒரு வாசகர்,
கும்பகோணம்.